தைமஸ் கட்டி: ஒரே பயாப்சிக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு பெயர் சொல்வது ஏன்?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கு உதவும். உங்கள் தம்பிக்கு 31 வயது. இருமலுக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில் நெஞ்செலும்புக்குப் பின்னால் 7 செ.மீ. கட்டி தெரிந்திருக்கிறது. ஊசி பயாப்சியைப் பார்த்த முதல் ஆய்வகம் "டி லிம்ஃபோபிளாஸ்டிக் லிம்போமாவாக இருக்கலாம்" என்றது. அதே ஸ்லைடுகளைப் பார்த்த இரண்டாவது ஆய்வகம் "தைமோமா, பி1 வகை" என்றது. தைமஸில் (நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் எதிர்ப்புச் சக்தி உறுப்பு) என்னென்ன அபூர்வக் கட்டிகள் வரும், இந்தக் குழப்பம் ஏன், எப்படித் தீர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அவசரமானது. இந்த இரண்டு பெயர்களுக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. லிம்ஃபோபிளாஸ்டிக் லிம்போமா என்றால் ரத்தப் புற்றுக்குத் தருவதைப் போன்ற கடுமையான கீமோதெரபி, அதுவும் உடனடியாக. பி1 தைமோமா என்றால், எடுக்கக்கூடிய நிலையில் இருந்தால் அறுவை சிகிச்சை. நல்ல பலன் தரும் நோய் அது. ஆகவே பெயர் உறுதியாகும் வரை எந்தச் சிகிச்சையும் தொடங்கக் கூடாது. குறிப்பாக, மூச்சுத் திணறலுக்கு என்று யாராவது ஸ்டெராய்டு ஆரம்பிக்க நினைத்தால், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத பட்சத்தில், போதுமான திசு எடுத்த பிறகுதான் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்டெராய்டு லிம்ஃபோசைட்கள் என்ற வெள்ளை ரத்த அணுக்களைச் சில நாட்களிலேயே கொன்று குவிக்கும். லிம்போமாவாக இருந்தால் பயாப்சியில் செத்த திசுதான் கிடைக்கும். தைமோமாவாக இருந்தால் லிம்ஃபோசைட்கள் கரைந்துபோய், சாதுவான பி1 வகை பார்வைக்கு மோசமான வகையைப் போலத் தெரியும். தைமோமா உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத்தளர்ச்சி நோயும் இருக்கும். அதற்கு ஸ்டெராய்டு தருவது வழக்கம். அப்படிப்பட்டவருடைய ஸ்லைடைப் பார்க்கும்போது மருந்து விவரம் திசுவை ஆராயும் பேத்தாலஜிஸ்டுக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

குழப்பத்தின் வேர் தைமஸின் வேலையிலேயே இருக்கிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் முதிராத டி செல்கள் (லிம்ஃபோசைட்களில் ஒரு வகை) தைமஸில்தான் வளர்ந்து, தேர்வாகி, வெளியே போகின்றன. அவற்றை வளர்ப்பவை தைமஸின் எபிதீலிய செல்கள். தைமோமா என்பது இந்த எபிதீலிய செல்களின் கட்டி. கட்டியானாலும் அவை பழைய வேலையை விடுவதில்லை. முதிராத டி செல்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்துக்கொள்கின்றன. பி1 வகையில் பார்வைக்குத் தெரிவதில் பெரும்பகுதி இந்த அப்பாவி லிம்ஃபோசைட்கள்தான். கட்டியின் உண்மையான செல்கள் அவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒளிந்திருக்கும்.

இனி ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அந்த லிம்ஃபோசைட்களுக்கு டி.டி.டி. என்ற சாயத்தைப் போட்டால் பாசிட்டிவ். சிடி1ஏ பாசிட்டிவ், சிடி99 பாசிட்டிவ். (சிடி என்று தொடங்கும் இந்த மார்க்கர்களுக்கும் சி.டி. ஸ்கேனுக்கும் சம்பந்தம் இல்லை. ரிப்போர்ட் படிக்கும் குடும்பத்தினர் பலர் இதில் தடுமாறுவதால் சொல்கிறேன்.) செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் கேஐ67 மிக அதிகமாக இருக்கும். இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் லிம்ஃபோபிளாஸ்டிக் லிம்போமாவின் பாடப்புத்தக விவரணை அப்படியே வந்துவிடும். ஆனால் ஆரோக்கியமான குழந்தையின் தைமஸை எடுத்து இதே சாயங்களைப் போட்டாலும் இதே விடைதான் வரும். மார்க்கர் பொய் சொல்லவில்லை. "இது முதிராத டி செல்" என்று சரியாகத்தான் சொல்கிறது; அந்த டி செல் புற்றா, விருந்தாளியா என்பதைச் சொல்லும் சக்தி அதற்கு இல்லை.

அதைப் பிரிக்க வேறு வழிகள் உண்டு. முதலாவது, எபிதீலிய செல்களின் புரதத்தைக் காட்டும் கெரட்டின் சாயம். தைமோமாவில் எபிதீலிய செல்கள் கைகோத்து ஒரு வலைப்பின்னலாக முழுத் துண்டிலும் பரவியிருக்கும். லிம்போமாவில் அந்த வலை கிழிந்து, துண்டு துண்டாக, ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். லிம்போமா செல்கள் கொழுப்புக்குள்ளும் தைமஸின் உறையைத் தாண்டியும் வரிசை வரிசையாக நுழைவதும் தெரியும். இரண்டாவது, செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு மார்க்கர்களை அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி. தைமோமாவின் டி செல்கள் வளர்ச்சியின் எல்லாப் படிகளிலும் இருப்பதால், சிடி3, சிடி4, சிடி8 ஆகியவற்றின் வரைபடத்தில் ஒரு தொடர்ச்சியான பூச்சாகப் படரும். லிம்போமா செல்கள் ஒரே படியில் உறைந்து நிற்பதால் ஒரே இடத்தில் குவியும். மூன்றாவது, டி செல் ஏற்பி மரபணுவின் குளோனாலிட்டி சோதனை: தைமோமாவில் பல வகைச் செல்கள், லிம்போமாவில் ஒரே செல்லின் வாரிசுகள். எல்.எம்.ஓ.2 என்ற சாயமும் கைகொடுக்கும். லிம்ஃபோபிளாஸ்டிக் லிம்போமாவில் பெரும்பாலும் பாசிட்டிவ், சாதாரணத் தைமஸ் டி செல்களில் நெகட்டிவ்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல். ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போடாத புதிய திசு வேண்டும். பயாப்சி எடுத்தவுடன் மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். உங்கள் தம்பிக்கு அது நடந்துவிட்டதா என்று கேளுங்கள். நடந்திருந்தாலும் பரவாயில்லை, மற்ற மூன்றையும் மெழுகுக் கட்டியில் (ஆய்வகம் பயாப்சித் திசுவைப் பொதித்து வைக்கும் மெழுகுத் துண்டு) உள்ள திசுவிலேயே செய்யலாம்.

ஆனால் மைக்ரோஸ்கோப்புக்கு முன்னாலேயே பாதித் தீர்ப்பு வந்துவிடும் என்பது என் கருத்து. லிம்ஃபோபிளாஸ்டிக் லிம்போமா பெரும்பாலும் பதின்வயதினரையும் இளம் ஆண்களையும் பிடிக்கும். அறிகுறிகள் வாரக்கணக்கில் முற்றும். முகம் வீங்கும், நெஞ்சில் நீர் கோக்கும், ரத்தத்தில் எல்.டி.எச். என்ற நொதி உயரும், கழுத்தில் நெறி கட்டும். தைமோமா நிதானமானது; ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து, வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகச் சிக்குவதுதான் அதன் வழக்கம். 40 வயதைத் தாண்டியவர்களிடம் அதிகம், ஆனால் 31 வயதில் வராது என்று இல்லை. தைமோமாவில் நிணநீர்க் கணுக்கள் பெரிதாவது அபூர்வம். அது பரவினால் நுரையீரல் உறையில் சிறு சிறு முடிச்சுகளாகச் சொட்டும். நீங்கள் எழுதியதில் கணு வீக்கம், நீர்க்கோப்பு, எடை இழப்பு எதுவும் இல்லை. அது தைமோமா பக்கம் தராசைச் சாய்க்கிறது. தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஸ்லைடைப் பார்க்காமல் யாரும் அதைச் சொல்ல முடியாது.

அவர் இளம் ஆண் என்பதால் இன்னொரு சோதனை பயாப்சிக்கு முன்பே நடந்திருக்க வேண்டும்: சில கட்டிகள் ரத்தத்தில் கலக்கும் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. என்ற பொருள்களின் அளவுகள். விரையில் வரும் ஜெர்ம் செல் (இனப்பெருக்க செல்) கட்டிகள் மார்பின் நடுவிலும், குறிப்பாகத் தைமஸிலும் முளைக்கும். கரு வளரும்போது பாதை தவறிய செல்கள் அங்கே தங்கிவிடுவதே காரணம் என்பது நெடுங்கால விளக்கம். ஏ.எஃப்.பி. மிக உயர்ந்திருந்தால் யோக் சாக் கட்டி போன்ற வகை, பீட்டா எச்.சி.ஜி. மிக உயர்ந்திருந்தால் கோரியோகார்சினோமா. இந்த அளவுகள் தெளிவாக எகிறியிருக்கும் இளைஞருக்கு, நிலைமை அவசரமென்றால் பயாப்சிக்குக் காத்திராமலே கீமோ தொடங்குவதும் உண்டு. தைமஸ் சார்ந்த நோய்களில் ரத்தச் சோதனை ஒன்று பயாப்சியை முந்திக்கொள்ளும் இடம் இது. கிளைன்ஃபெல்டர் சிண்ட்ரோம் (ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருப்பது) உள்ள ஆண்களுக்கு இந்தக் கட்டிகள் வரும் வாய்ப்பு அதிகம். யோக் சாக் வகை உள்ளவர்களில் சிலருக்கு அதே கட்டியின் மரபணு மாற்றத்தோடு ரத்தப் புற்றும் வருவதுண்டு. மார்பில் வரும் ஜெர்ம் செல் கட்டிக்கு மட்டுமே உரிய விசித்திரம் அது.

ஜெர்ம் செல் வகையில் சாதுவானது முதிர்ந்த டெரட்டோமா. ஸ்கேனிலேயே கொழுப்பு, நீர், சுண்ணாம்பு, சில சமயம் பல்லே தெரியும். அது மூச்சுக்குழாயில் உடைந்தால் நோயாளி இருமும்போது முடி வெளியே வரும். கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் மருத்துவ நூல்களில் நெடுங்காலமாகப் பதிவான அறிகுறி அது. செமினோமா என்ற இன்னொரு ஜெர்ம் செல் வகை அப்படி வெளிப்படையாகப் பேசாது. அது தன்னைச் சுற்றி கிரானுலோமாக்களையும் (அழற்சிச் செல்களின் திரள்கள்) லிம்ஃபோசைட்களையும் குவித்துக்கொண்டு, கட்டி செல்களை மறைத்துவிடும். சிறு பயாப்சியில் கிரானுலோமா மட்டும் வந்தால் "காசநோய்" என்று எழுதி, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்துக் கட்டி குறையாமல் திரும்பி வருகிறார்கள். ஹாட்ஜ்கின் லிம்போமாவும் இதே வேஷம் போடும். இளம் வயதினருக்கு முன் மார்பில் தனிக் கட்டி இருந்து, பயாப்சியில் கிரானுலோமா மட்டும் தெரிந்து, காசநோய்க் கிருமி கிடைக்கவில்லை என்றால், செமினோமாவைக் காட்டும் ஆக்ட்4, சால்4, ஹாட்ஜ்கினைக் காட்டும் சிடி30 ஆகிய சாயங்களைப் போட்டுப் பார்க்காமல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடக் கூடாது என்பேன்.

கட்டியே இல்லாதவையும் இந்தக் கூட்டத்தில் இருக்கின்றன. தைமஸ் பருவமடையும் வயதில் சுமார் 30 முதல் 40 கிராம் வரை வளர்ந்து, பிறகு மெல்ல மெல்லக் கொழுப்பாக மாறும் உறுப்பு. கீமோதெரபியோ கடும் நோயோ வந்தால் சுருங்கி, பிறகு முன்பைவிடப் பெரிதாக எழும். புற்று குணமான ஒருவருக்குச் சில மாதங்கள் கழித்து பெட் ஸ்கேனில் தைமஸ் ஒளிர்ந்தால் குடும்பமே இடிந்துபோகும். பல நேரங்களில் அது மீண்டெழுந்த தைமஸ்தான். இங்கே எம்.ஆர்.ஐ.க்கு ஒரு தனித் திறமை உண்டு. கெமிக்கல் ஷிஃப்ட் என்ற முறையில் எடுத்தால், செல்களுக்கு இடையே நுண்ணிய கொழுப்பு கலந்திருக்கும் சாதாரணத் தைமஸின் ஒளி மங்கும். கட்டியின் ஒளி மங்காது. சிறுவர்களிடம் மட்டும் இதை நம்பக் கூடாது, அவர்கள் தைமஸில் கொழுப்பே இன்னும் சேர்ந்திருக்காது.

சிஸ்ட் விஷயமும் அப்படித்தான். உள்ளே புரதமோ பழைய ரத்தமோ நிறைந்த சிஸ்ட், சி.டி. ஸ்கேனில் திடக் கட்டி போலவே தெரியும். அதை நம்பி நெஞ்சைத் திறந்து, வெறும் நீர்ப்பையை எடுத்தவர்கள் உலகெங்கும் உண்டு. ஒரு எம்.ஆர்.ஐ. அதைத் தடுத்திருக்கும். எதிர்த் திசையிலும் ஒரு பொறி இருக்கிறது. பல அறைகள் கொண்ட, சுவர் தடித்த தைமஸ் சிஸ்ட் பிறவியில் வருவதில்லை, அழற்சியால் வருகிறது. அந்த அழற்சியைத் தூண்டியது சுவரில் ஒளிந்திருக்கும் செமினோமாவாகவோ ஹாட்ஜ்கினாகவோ இருக்கலாம். ஆகவே அப்படிப்பட்ட சிஸ்டை எடுத்தால் சுவரின் ஒவ்வொரு தடித்த பகுதியையும் வெட்டிப் பார்க்க வேண்டும்.

தைமோலிப்போமாவைப் பற்றி ஒரு வரி போதும்: கொழுப்பும் தைமஸ் திசுவும் கலந்த சாதுவான கட்டி, கிலோக்கணக்கில் வளர்ந்து இதயத்தின் இருபுறமும் வழிந்து, எக்ஸ்ரேயில் "இதயம் வீங்கியிருக்கிறது" என்று எழுத வைக்கும்.

இனி உண்மையான அபூர்வங்கள். தைமோமாவே அபூர்வம்தான், அமெரிக்கப் புள்ளிவிவரத்தில் ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் ஒன்றரை பேருக்கு மேல் போகாது. அதற்குள்ளேயும் அபூர்வமான வகைகள் உண்டு. 1999-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு ஏ, ஏபி, பி1, பி2, பி3 என்ற எழுத்துகளைக் கொண்டு வந்தது. அதுவரை ஒவ்வொரு நிபுணர் குழுவும் தனக்கென ஒரு பெயர்ப் பட்டியலை வைத்திருந்தது. யாருடைய கொள்கையையும் தழுவாத எழுத்துகள்தான் அவர்களை ஒரே மேசைக்குக் கொண்டு வந்தன. இந்த எழுத்துகளுக்குள் அடங்காமல் நிற்பவை சில. மைக்ரோநாடுலர் தைமோமாவில் எபிதீலியத்தின் குட்டி முடிச்சுகள், நடுவே பி செல்கள் நிறைந்த திசு. ஊசி பயாப்சியில் முடிச்சுகளுக்கு இடையே ஊசி போய்விட்டால் லிம்போமா என்று தோன்றும். மெட்டாபிளாஸ்டிக் தைமோமா அதைவிடச் சுவாரசியம். எபிதீலியத் தீவுகளும் நூல்போல் நீண்ட செல்களும் கலந்து, சார்கோமா (இணைப்புத் திசுப் புற்று) கலந்த கார்சினோமா (எபிதீலியப் புற்று) போலப் பயமுறுத்தும். நடத்தையிலோ பெரும்பாலும் சாது. யாப்1 மரபணுவும் மாம்எல்2 மரபணுவும் இணைந்த மாற்றம் அதன் அடையாளம் என்று அண்மை ஆண்டுகளில் தெரிந்த பிறகு, சந்தேகம் வந்தால் அதைச் சோதித்துப் பார்க்க முடிகிறது. ஏ, ஏபி வகைகளில் ஜி.டி.எஃப்.2ஐ என்ற மரபணுவில் ஒரே இடத்து மாற்றம் அடிக்கடி காணப்படுகிறது. 2014-இல் வெளிவந்த கண்டுபிடிப்பு இது. வேறு புற்றுகளில் அந்த மாற்றம் ஏறக்குறையத் தென்படுவதே இல்லை என்பதால், தைமஸ் கட்டிதானா என்ற சந்தேகத்துக்கும் அது விடை தரும்.

தைமிக் கார்சினோமா வேறு ஜாதி. பெரும்பாலானவை ஸ்குவாமஸ் (தட்டைச் செல்) வகை. தைமஸின் வேலையை இவை மறந்துவிட்டன. முதிராத டி செல்களைச் சேர்ப்பதில்லை, மயஸ்தீனியா போன்ற தன்னெதிர்ப்பு நோய்களையும் ஏறக்குறைய உண்டாக்குவதில்லை. ரிப்போர்ட்டில் "மயஸ்தீனியா உள்ளவர், தைமிக் கார்சினோமா" என்று ஒன்றாக வந்தால், மறுபடி பார்க்கச் சொல்வேன். அது பி3 தைமோமாவாக இருக்க வாய்ப்பு அதிகம். நுரையீரலின் ஸ்குவாமஸ் புற்று தைமஸை ஒட்டி வளர்ந்தால் மைக்ரோஸ்கோப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கட்டி செல்களிலேயே சிடி5-உம் சிடி117-உம் பாசிட்டிவாக இருந்தால் தைமஸ் பக்கம் சாயலாம். "கட்டி செல்களிலேயே" என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிடி5 சாதாரண டி செல்களிலும் ஒளிரும். சிடி117 செமினோமாவிலும் ஒளிரும். கார்சினோமா என்று நினைத்து இந்த இரண்டு சாயங்களை மட்டும் போட்டு, சிடி117 பாசிட்டிவ் என்று மகிழ்ந்து, ஆக்ட்4 போடாமல் விட்டால், கீமோவுக்கு உருகிப்போகக்கூடிய ஒரு செமினோமா கை நழுவிவிடும்.

நட் கார்சினோமா என்ற ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேடாவிட்டால் கிடைக்காது. உடலின் நடுக்கோட்டு உறுப்புகளில், எந்த வயதிலும், இளம் வயதினரிடம் அதிகமாக வரும். 15-ஆம் குரோமோசோமில் உள்ள நட் மரபணு, பெரும்பாலும் 19-ஆம் குரோமோசோமின் பி.ஆர்.டி.4 மரபணுவோடு ஒட்டிக்கொள்வதுதான் நோய். மிகக் கொடியது, சராசரி ஆயுள் மாதக் கணக்கில்தான். மைக்ரோஸ்கோப்பில் முதிராத உருண்டைச் செல்கள், திடீரென்று நடுவே கெரட்டின் தீவுகள். "வகை தெரியாத, மோசமான கார்சினோமா" என்றோ, வெறும் ஸ்குவாமஸ் என்றோ எழுதிவிட்டுப் போவது சுலபம். நட் புரதத்துக்கான சாயம் ஒன்று போட்டால் உட்கருவில் புள்ளி புள்ளியாக ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். புகைப்பழக்கமில்லாத இளைஞரின் மார்பில் வகை தெரியாத கார்சினோமா என்று ரிப்போர்ட் வந்தால், "நட் சாயம் போட்டீர்களா?" என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு. புகைப்பவராக இருந்தால், அதுவும் ஆணாக இருந்தால், ஸ்மார்க்கா4 புரதம் இழந்த மார்புக் கட்டியை நினைக்க வேண்டும். அங்கே சாயம் ஒளிர்வதல்ல, அணைந்துபோவதுதான் விடை.

நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் (ஹார்மோன் சுரக்கக்கூடிய செல்களின் கட்டிகள், கார்சினாய்டு அவற்றில் ஒன்று) தைமஸில் அபூர்வம். தைமஸின் எபிதீலியக் கட்டிகளில் 100-க்கு 2 முதல் 5 வரை. 1972-இல் ஹுவான் ரோசாயும் ஹிகாவும் விவரித்த பிறகுதான் அவை தைமோமாவிலிருந்து தனியே பிரிந்தன. பெயர் கார்சினாய்டு என்றாலும் நுரையீரல் கார்சினாய்டின் சாதுத்தனம் இங்கே இல்லை. பெரும்பாலானவை அடிப்பிகல் வகை, எலும்பு வரை பரவும். வகையைத் தீர்மானிப்பது 2 சதுர மி.மீ. பரப்பில் எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன, இறந்த திசு இருக்கிறதா என்பது: 2-க்குக் கீழே, திசுச் சிதைவும் இல்லை என்றால் டிப்பிகல், 2 முதல் 10 வரை, அல்லது சிதைவு இருந்தால் அடிப்பிகல், 10-க்கு மேல் என்றால் உயர்தரக் கார்சினோமா. ஒரு நூல் போன்ற ஊசித் துண்டில் 2 சதுர மி.மீ. நல்ல திசு கிடைப்பதே பாடு. ஆகவே ஊசி பயாப்சியில் சொல்லும் தரம் தற்காலிகம். ஏ வகைத் தைமோமாவும் இதைப் போலவே ரோஜாப்பூ வடிவங்களை உண்டாக்கி ஏமாற்றும். குரோமோகிரானின், சினாப்டோஃபைசின் சாயங்கள் தீர்த்துவைக்கும்.

இதில் மைக்ரோஸ்கோப்புக்கு வெளியே இரண்டு கதைகள். முகம் உருண்டு, ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் ஏறி, தசை வற்றும் குஷிங் நோய்க்கு அட்ரீனல், பிட்யூட்டரி எல்லாம் தேடியும் காரணம் கிடைக்காதபோது, அட்ரீனலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஹார்மோனைச் சுரக்கும் தைமஸ் கார்சினாய்டு மார்பில் ஒளிந்திருக்கலாம். இன்னொன்று மென்1 என்ற பரம்பரை நோய்: பாராதைராய்டு, கணையம், பிட்யூட்டரி கட்டிகள் குடும்பத்தில் ஓடுவது. தைமஸ் கார்சினாய்டு கண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இது இருக்கும். அவர்களில் ஆண்களும் புகைப்பவர்களும் அதிகம். ஆகவே கார்சினாய்டு என்று தெரிந்தவுடன் ரத்தத்தில் கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் அளவு பார்ப்பதும், வீட்டில் யாருக்குச் சிறுநீரகக் கல், கால்சியக் கோளாறு என்று விசாரிப்பதும் நோயறிதலின் பகுதிதான். பாராதைராய்டும் தைமஸும் கருவில் ஒரே மூன்றாம் தொண்டைப் பையிலிருந்து பிறந்தவை. கீழ்ப் பாராதைராய்டு வழி தவறித் தைமஸுக்குள்ளேயே போய், அங்கே அடினோமாவாக வளர்வதும் உண்டு. கால்சியம் அதிகம் உள்ளவரின் தைமஸில் சிறு முடிச்சு என்றால் அதைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

லிம்போமாக்களில் தைமஸில் தேட வேண்டியவை, லிம்ஃபோபிளாஸ்டிக்கைத் தவிர, மூன்று. இளம் பெண்களிடம் அதிகம் வரும் பெரிய பி செல் லிம்போமா, நார்த் தழும்பு நிறைந்தது. ஊசியில் தழும்பு மட்டும் வந்து ஏமாற்றும், திரும்பத் திரும்ப பயாப்சி எடுக்க நேரும். ஹாட்ஜ்கினின் நாடுலர் ஸ்க்ளீரோசிஸ் வகை அதன் பங்காளி. இரண்டுக்கும் நடுவில் எந்தப் பக்கமும் சேராத கிரே ஜோன் நோய்களும் உண்டு. மூன்றாவது மால்ட் லிம்போமா: ஆசியப் பெண்களிடம், கண்ணும் வாயும் வறளும் ஸ்யோக்ரன் நோயோடு சேர்ந்து வரும், சிஸ்டுகள் நிறைந்த, மிக மெதுவாக வளரும் ஒன்று. ஸ்கேனில் பல அறைச் சிஸ்ட், ரத்தத்தில் ஸ்யோக்ரன் எதிர்ப்பொருள் என்றால் பேத்தாலஜிஸ்ட் முதலிலேயே இதைத் தேடுவார், சொல்லியிருந்தால்.

அந்தக் கடைசிச் சொல்தான் என் தரப்பு வாதம் முழுவதும். தைமஸில் அபூர்வக் கட்டி தவறிப்போவது பெரும்பாலும் அது அபூர்வமாக இருப்பதால் அல்ல. "மார்புக் கட்டி, பயாப்சி" என்று இரண்டே சொல் எழுதிய சீட்டோடு ஒரு சிறு துண்டு ஆய்வகத்துக்குப் போவதால். வயது, அறிகுறியின் வேகம், ஏ.எஃப்.பி. அளவு, மயஸ்தீனியா உண்டா, ஸ்டெராய்டு தரப்பட்டதா, ஸ்கேனில் கணுக்கள் உண்டா என்ற ஆறு விவரங்கள் சேர்ந்தால், போட வேண்டிய சாயங்களின் பட்டியலே மாறிவிடும்.

எல்லோருக்கும் பயாப்சி தேவையா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. நடுத்தர வயதைத் தாண்டியவர், தெளிவான எல்லையுள்ள கட்டி, கணுக்கள் இல்லை, ரத்த மார்க்கர்கள் சாதாரணம், கூடவே மயஸ்தீனியா என்றால், அது தைமோமாதான் என்று வைத்துக்கொண்டு நேரே அறுவைக்குப் போகலாம். உறை மூடிய கட்டியைக் குத்தி, செல்களை நுரையீரல் உறைக்குள் சிந்த வைக்கும் அபாயத்தை எதற்கு வாங்குவது? லிம்போமா, ஜெர்ம் செல் கட்டி என்ற சந்தேகம் இருந்தாலோ, முழுதாக எடுக்க முடியாத அளவு பரவியிருந்தாலோ பயாப்சி கட்டாயம். அப்போதும் மெல்லிய ஊசியால் செல் உறிஞ்சுவது போதாது. தடித்த ஊசியால் பல துண்டுகள், அதிலும் தெளிவில்லை என்றால் நெஞ்செலும்பின் ஓரத்தில் சிறு வெட்டுப் போட்டு எடுக்கும் பயாப்சி. பெரிய கட்டி மூச்சுக்குழாயை அழுத்தினால், மயக்க மருந்து கொடுத்து மல்லாக்கப் படுக்க வைப்பதே ஆபத்து. அப்படிப்பட்டவருக்கு மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, கழுத்துக் கணுவோ நெஞ்சு நீரோ கிடைத்தால் அங்கிருந்தே எடுப்பார்கள்.

உங்கள் தம்பி விஷயத்தில் நான் செய்யச் சொல்வது இது. இரண்டு ஆய்வகங்களில் எது சரி என்று வீட்டில் வாதிட வேண்டாம். மெழுகுக் கட்டியை, வெறும் ரிப்போர்ட்டை அல்ல, திரும்ப வாங்கி, தைமஸ் நோய்களையும் லிம்போமாவையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு பெரிய புற்றுநோய் மையத்தின் பேத்தாலஜிஸ்டுக்கு அனுப்புங்கள். கூடவே சி.டி. ஸ்கேனின் படங்கள் உள்ள சி.டி. தட்டு, ரத்தச் சோதனைகள், இதுவரை கொடுத்த மருந்துகளின் பட்டியல். கெரட்டின் வலை எப்படி இருக்கிறது, எல்.எம்.ஓ.2 போட்டீர்களா, குளோனாலிட்டி என்ன என்ற மூன்று கேள்விகளைச் சீட்டிலேயே எழுதுங்கள். துண்டு மிகச் சிறியது, நசுங்கியது என்று அவர் சொன்னால், மறுபடி பயாப்சி எடுக்கத் தயங்காதீர்கள். இந்த முறை ஒரு பகுதியை ஃபார்மலினில் போடாமல் ஃப்ளோவுக்கு அனுப்பச் சொல்லி முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். லிம்போமாவாக இருந்தால் நாட்கள் முக்கியம் என்பதால் இதையெல்லாம் இந்த வாரத்திலேயே முடிக்கப் பாருங்கள்.

தைமோமா என்றே உறுதியானால், அறுவைக்கு நாள் குறிக்கும் முன் இரண்டு ரத்தச் சோதனைகள் விடுபடக் கூடாது. ஒன்று அசிடைல்கோலின் ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள்: இமை சரிவதோ இரட்டைப் பார்வையோ இல்லாதவருக்கும் மயஸ்தீனியா உள்ளுக்குள் இருக்கலாம், அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் அறுவைக்குப் பிறகு மூச்சுத் தசை திரும்ப வேலை செய்யாமல் வென்டிலேட்டரில் நாட்கள் நீளும். மற்றொன்று இம்யூனோகுளோபுலின் அளவு: தைமோமாவோடு எதிர்ப்புச் சக்தி குறையும் குட் சிண்ட்ரோம் சிலருக்கு வருவதுண்டு, அடிக்கடி சளி, நிமோனியா என்ற பழைய கதை இருந்தால் இன்னும் முக்கியம். அவருடைய இருமல் எத்தனை காலமாக, எத்தனை முறை வந்து போனது என்று ஒருமுறை கேட்டு எழுதி வையுங்கள்; மருத்துவர் அதைக் கட்டாயம் கேட்பார்.